குழந்தைக்கு அடிபட்டதாக வந்த அழைப்பு

போன மாதம் ஜெயந்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் சில காலம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். இப்போது ஓசூரிலேயே வேறொரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறாள். செல்போன் வழியாகவே கடன் கொடுக்கிற ஆட்கள், தவணை தவறினால் கடன் வாங்கியவனின் போனில் உள்ள அத்தனை எண்களுக்கும் கூப்பிட்டு அசிங்கமாகப் பேசுகிறார்களாம். அவளுடைய தொழிலாளர்களில் ஒருவன் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டான். "உங்க டெலிபோன் போர்டுல இந்த மாதிரி ஒண்ணு நடந்துச்சுன்னு ஒரு தடவ சொன்னீங்களே அக்கா, அது கடைசியில என்னாச்சு?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் தொழிற்சாலை டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். பெயர் கமலவேணி. சேலத்தில் படித்து, ஆபரேட்டர் பயிற்சியையும் அங்கேயே முடித்து, கல்யாணமாகி ஓசூருக்கு வந்தேன். மோட்டார் வண்டிகளுக்கு உதிரி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் எண்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். தொழிற்பேட்டையில் பாதி மனைகள் அப்போது வெறும் முள்காடு. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கயிறுகளைச் செருகி எடுக்கிற பழைய போர்டு. முதல் சில நாட்கள் கயிறுகள் பின்னிக்கொண்டன, பிறகு கை பழகிவிட்டது. மொழி பழகத்தான் நாளானது. ஒரு லைனில் கன்னடம், அடுத்ததில் தெலுங்கு, அதற்கடுத்ததில் மதுரைத் தமிழ், நடுவில் தலைமை அலுவலகத்து ஆங்கிலம். எதிரில் இருப்பவருக்கு எந்த மொழி வசதி என்பதை அவர் சொல்கிற ஹலோவிலேயே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

வெளியிலிருந்து போன் வந்தால் நான் எடுப்பேன். யார், யாருக்கு, என்ன விஷயம் என்று கேட்பேன். அலுவலகத்தில் இருப்பவருக்கு என்றால் இணைத்துவிட்டு, இருவரும் பேசத் தொடங்கியது தெரிந்ததும் கீயை மேலே தள்ளி என் காதை அந்த லைனிலிருந்து எடுத்துவிட வேண்டும். மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறவருக்கு என்றால் இணைக்கக் கூடாது. ஓடுகிற மெஷினை விட்டுவிட்டு ஆள் எழுந்து வரக் கூடாது என்பதுதான் காரணம். செய்தியைச் சின்னச் சீட்டில் எழுதி டீ நேரத்தில் கொடுத்தனுப்புவோம். சாவு, ஆஸ்பத்திரி, குழந்தை என்று மூன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்படி ஒன்று என்றால் குறுக்குக் கேள்வி எதுவும் கேட்காமல் சூப்பர்வைசர் கேபினுக்கு இணைத்து, ஆளை உடனே வரவழைக்க வேண்டும்.

இந்த ஒழுங்கை ஏற்படுத்தியவர் தொழிலாளர் விவகாரங்களைப் பார்த்த எங்கள் பர்சனல் ஆபீசர் ஸ்ரீகண்டையா. கனகபுரா பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் கன்னடத்தின் ஏற்ற இறக்கம் அதில் இருக்கும். அவர் முன்பு இருந்த மில்லில் ஒருவருடைய தகப்பனார் இறந்த செய்தியை ஷிஃப்ட் முடிகிற வரை சொல்லாமல் வைத்திருந்தார்களாம். அந்த ஆள் கேட் வாசலில் உட்கார்ந்து அழுததைப் பார்த்த பிறகுதான் இந்த மூன்று விலக்குகளும் வந்தன என்று ஒருமுறை சொன்னார்.

அவர் யாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுத் திட்டமாட்டார். சொல்ல வேண்டியது இருந்தால் நாம் இருக்கும் இடத்துக்கு நடந்து வருவார். நாம் சொல்வதைக் கடைசி வரை கேட்டுவிட்டு, அதையே தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்பார். கடுமையாக ஏதாவது சொல்லப் போகிறார் என்றால் மட்டும் முதலில் பேனாவை மூடி சட்டைப் பையில் வைப்பார். பேனா பைக்குள் போனால் நாங்கள் எச்சரிக்கையாகிவிடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அப்படிப் பேனாவை மூடிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "போர்டுல ரெண்டு பேர் பேசறது அந்த ரெண்டு பேருக்கு. உன் காதுல விழுந்தாலும் உன்னுது இல்ல. ஒருநாள் அது வெளிய போச்சுன்னா அன்னைக்கு உன் வேலையும் போச்சு." அதை நான் மீறியதில்லை. யாருக்குப் பெண் பார்த்தார்கள், யாருடைய தம்பி ஓடிப்போனான் என்று எவ்வளவோ காதில் விழுந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

இனி முனிராஜ் விஷயத்துக்கு வருகிறேன். இது தொண்ணூறுகளின் முதல் பாதியில் நடந்தது.

முனிராஜ் கிரைண்டிங் மெஷினில் வேலை செய்தவன். ஜவளகிரிப் பக்கத்து ஊர். அவன் அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கேழ்வரகு அறுத்தும் களையெடுத்தும் பிழைத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகத் தொழிற்சாலைச் சட்டை போட்டவன் அவன்தான். மனைவி யசோதா தெலுங்குக்காரப் பெண். ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தது. மத்திகிரியில் வரிசை வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஷிஃப்ட் நேரங்களுக்குச் சரியாக மத்திகிரிக்கு டவுன் பஸ் கிடையாது. அதனால் ஒரு பைனான்ஸ் கம்பெனி வழியாகத் தவணைக்கு மொபெட் எடுத்தான். கம்பெனியின் ஆபீஸ் ஜூஜுவாடி தாண்டி, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம். வண்டி விற்ற கடை ஓசூரில். விண்ணப்பத்தில் இரண்டு போன் எண்கள் கேட்டார்கள். ஒன்று தொழிற்சாலை எண். இன்னொன்று மத்திகிரியில் பக்கத்து வீட்டு எண். போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்துப் பக்கத்தில் பி.பி. என்று எழுதுவது அப்போது எல்லாரும் செய்வது. கூப்பிட்டால் அந்த வீட்டார் ஓடிப்போய் ஆளை அழைத்து வருவார்கள்.

ஒழுங்காகத்தான் கட்டிக்கொண்டிருந்தான். யசோதாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு தவணைகள் தவறின. பைனான்ஸிலிருந்து போர்டுக்குப் போன் வரத் தொடங்கியது.

கூப்பிட்டவன் முதலில் மரியாதையாகத்தான் பேசினான். இளவயதுக் குரல், வார்த்தைகளை வேகமாகச் சொல்லி வாக்கியத்தின் கடைசியில் மட்டும் இழுக்கிற குரல். "மேடம், முனிராஜ்கிட்ட பைனான்ஸ்ல இருந்து பேசினோம்னு சொல்லிடுங்க." நான் சீட்டு எழுதி அனுப்பினேன். பிறகு தினமும் வந்தது. பிறகு ஒரே நாளில் பல தடவை. ஷாப்புக்கு இணைக்கச் சொல்லி வற்புறுத்துவான். இணைக்க முடியாது என்றால், "அப்ப சீட்டுல திருடன்னு எழுதி அனுப்பு. எல்லாரும் படிக்கட்டும்" என்பான். நான் பைனான்ஸிலிருந்து போன் என்று மட்டும் எழுதி மடித்து அனுப்புவேன். ஒருநாள், முனிராஜுக்கு நான் என்ன உறவு என்று கேட்டான், அவன் கேட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது. லைனைத் துண்டித்தேன். உடனே திரும்ப வந்தது. எடுக்காமல் விடவும் முடியாது. அதே லைனில்தான் வாடிக்கையாளர்களும் வருவார்கள்.

ஒருநாள் டீ நேரத்தில் முனிராஜ் போர்டு அறை வாசலில் வந்து நின்றான். "மேடம், உங்களுக்கும் தொல்லையாப் போச்சு. அடுத்த மாசம் கட்டிருவன்" என்றான். எனக்கு ஒன்றும் தொல்லையில்லை என்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே திரும்பிப் போனான்.

பிறகு சில நாட்கள் போனே வரவில்லை. ஒரு முற்பகல், போர்டில் லைன்கள் எல்லாம் எரிந்துகொண்டிருந்த நேரம், ஒரு அழைப்பை எடுத்தேன். மூச்சு வாங்கப் பேசினான்.

"மேடம், மத்திகிரி ஸ்கூல்ல இருந்து. முனிராஜோட குழந்தைக்கு அடிபட்டிருச்சு. தலையில ரத்தம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க. அவர உடனே கூப்புடுங்க."

மூன்று விலக்குகளில் இரண்டு அதிலேயே இருந்தன. நான் சூப்பர்வைசர் கேபினுக்கு இணைத்து, "முனிராஜ் குழந்தைக்கு அடிபட்டிருக்காம், உடனே வரச் சொல்லுங்க" என்றேன். லைனில் காத்திருந்தபோது அந்தக் குரல் யாரிடமோ, "வந்துக்கிட்டிருக்கான்" என்று சொன்னது கேட்டது. அந்தக் கடைசி இழுப்பு எனக்கு என்னவோ செய்தது. ஆனால் அதற்குள் முனிராஜ் ரிசீவரை எடுத்து, "ஐயோ, பாப்பாவுக்கு என்னாச்சு சார்?" என்றான். நான் கீயைத் தள்ளிவிட்டேன்.

அடுத்த சில நிமிடங்களில் ஷாப்பிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முனிராஜ் ஓடி வந்தபோது மெஷினை நிறுத்தவில்லை. கிரைண்டிங் வீல் தேய்த்துக்கொண்டிருந்த இரும்புத் துண்டில் சிக்கி உடைந்து, ஒரு துண்டு பக்கத்து மெஷினின் காப்புத் தகட்டில் போய் அடித்திருக்கிறது. அந்தத் தகடு இல்லாவிட்டால் அதன் பின்னால் நின்றவரின் முகம்தான். யாருக்கும் காயமில்லை. வேலை நின்றது. எல்லாரும் அந்த மெஷினைச் சுற்றி நின்றார்கள். முனிராஜ் மட்டும் கேபினில் ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தானாம்.

மறுநாள் அவனுக்கு மெமோ கொடுத்தார்கள். ஓடுகிற மெஷினை விட்டுச் சென்று மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தது என்பது குற்றம். நிரந்தரமாகாத ஆள். விசாரணை ஒன்றை நடத்தி முடித்துவிட்டு அனுப்பிவிடலாம் என்பது ஃபேக்டரி மேனேஜரின் எண்ணம். விசாரணையில் ஏன் ஓடினாய் என்று கேட்டதற்கு முனிராஜ், "பதட்டத்துல ஓடிட்டன் சார்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். குழந்தைக்கு அடிபட்டதென்று போன் வந்ததைச் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். ஆனால் பள்ளியில் விசாரித்தால் குழந்தைக்கு ஒன்றுமே ஆகவில்லை. அப்படியானால் இவனே ஆளை வைத்துப் போன் பண்ணச் சொல்லி வெளியே போகப் பார்த்திருக்கிறான் என்று கதை திரும்பிவிட்டது.

விசாரணை இப்படிப் போவது எனக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது. நான் ஏமாற்றப்பட்டேன் என்பதைவிட, அந்த மூன்று விலக்குகளையும் அந்தப் பைனான்ஸ்காரன் தெரிந்து வைத்துக்கொண்டு சாவி போலப் போட்டுத் திறந்திருக்கிறான் என்பதுதான் உறுத்தியது. நாளைக்கு நிஜமாகவே ஒரு குழந்தைக்கு அடிபட்டால் நான் நம்புவேனா? என்ன செய்வதென்று தெரியாமல் மதியம் ஸ்ரீகண்டையாவின் அறைக்குப் போனேன். நானாக அங்கே போனது அதுதான் முதல் தடவை.

"சார், போர்டுல காதுல விழுந்தத வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். பையில் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். "முனிராஜ்கிட்ட அவன் என்ன பேசினான், நீ கேட்டியா?"

"இல்ல சார். கீ போட்டுட்டேன்."

"அப்ப அது எனக்கும் தெரிய வேண்டாம். அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி என்கிட்டதான் சார் பேசினான்."

"உன்கிட்ட பேசினது யாருது?"

பதிலையும் அவரே சொன்னார்.

"உன்னுதம்மா. அந்தப் பொய்ய அவன் உனக்குத்தான சொன்னான்? உனக்குச் சொன்னத நீ யார் முன்னாடியும் சொல்லலாம். நான் சொன்ன ரூல் அதுக்கு இல்ல" என்றார்.

இத்தனை வருடம் அந்த வேலை பார்த்தும் இந்த வித்தியாசம் எனக்குத் தோன்றியதில்லை. விசாரணை அறையில் போய்ச் சொன்னேன். அந்தக் குரல் எத்தனை நாளாக என்னிடம் பேசி வருகிறது, என்ன சொல்லும், அன்று என்ன சொன்னது, எதை வைத்து அது அதே குரல் என்று எனக்குத் தெரியும் என்பதையெல்லாம் சொன்னேன். என்னைத் திட்டிய வார்த்தையையும் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். முனிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே வாயைத் திறந்தான். கடன் தொல்லை இருக்கிற ஆள் என்று தெரிந்தால் நிரந்தரம் ஆக்கமாட்டார்கள் என்று பயந்துதான் மறைத்ததாகச் சொன்னான். போனில் அந்த ஆள் சிரித்தானாம். "பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல, இப்பவாவது வந்தியே" என்றானாம். அதைக் கேட்டதும் குழந்தை பிழைத்தது என்ற சந்தோஷம்தான் முதலில் வந்ததாகவும், கோபம் வெகுநேரம் கழித்துத்தான் வந்ததாகவும் சொன்னான்.

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். வேலை தப்பியது. போன்தான் நிற்கவில்லை. தொழிற்சாலையில் நான் அந்தக் குரலைக் கேட்டதுமே துண்டிக்கத் தொடங்கியதால் அவர்கள் மத்திகிரிப் பக்கம் திரும்பினார்கள்.

அது எனக்கு யசோதா சொல்லித்தான் தெரியும். ஒருநாள் கேட்டில் என்னைப் பார்க்க ஒரு பெண் வந்திருப்பதாக செக்யூரிட்டி சொன்னார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முழுதாகத் தேறாத உடம்பு, நிமிர்ந்து நிற்கச் சிரமப்பட்டாள். பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, யார் எடுத்தாலும் அவளைப் பற்றி அசிங்கமாகச் சொல்கிறார்கள். கடனைக் கட்டப் புருஷனுக்கு வக்கில்லை என்றால் அவளை அனுப்பச் சொல்கிறார்கள். போனை எடுப்பது அந்த வீட்டின் வயதான அம்மா. அந்த அம்மா கேட்டதை அப்படியே தெருவில் சொல்லிவிடுகிறார். யசோதா பகலில் குழாயடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இரண்டு மாதமாக அந்தப் போன் அடித்தாலே வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாளாம்.

"இவர்கிட்ட சொன்னா வண்டியத் திருப்பிக் குடுத்துடலாம்னு சொல்றாரு அக்கா. வண்டியக் குடுத்துட்டா அவங்க சொன்ன பேச்சத் திருப்பி எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டாள்.

நான் அவளை ஸ்ரீகண்டையாவிடம் அழைத்துப் போனேன். முனிராஜும் வந்தான். அவர் முழுவதையும் கேட்டு, திருப்பிச் சொல்லி, "சரியா?" என்றார். பிறகு தருமபுரியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தைப் பற்றிச் சொன்னார். அப்போது ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாமே தருமபுரி மாவட்டம்தான். காசு கொடுத்து ஒரு சேவையை வாங்குகிறவன் நுகர்வோர், தவணைக் கடனும் சேவைதான், வக்கீல் கட்டாயமில்லை, நடந்ததைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். குறைபாடுள்ள மிக்ஸிக்கும் கிழிந்த சேலைக்கும்தான் அந்த மன்றம் என்று நான் நினைத்திருந்தேன்.

முனிராஜ் தயங்கினான். "நான் கட்ட வேண்டியது நெசந்தான சார். கடன் வாங்குனவன் போய் எப்படிக் கேஸ் போடறது?"

"கட்ட வேண்டியதக் கட்டு. வேண்டாம்னு யார் சொன்னது? வண்டிக்குத்தான் நீ தவணை எழுதிக் குடுத்த. உன் பெண்டாட்டியப் பேசறதுக்கும் சேர்த்து எழுதிக் குடுத்தியா?"

யசோதாதான் பேசினாள். "இவரு வரலன்னா நான் போறேன் சார். என்னப் பத்தித்தான பேசினாங்க."

மனுவை அவர்கள் இருவரும் சொல்லச் சொல்ல ஸ்ரீகண்டையா தன் கையாலேயே எழுதினார். கூட்டியோ குறைத்தோ எழுதமாட்டார். யசோதா ஒரு இடத்தில் அழுது நிறுத்தியபோது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் தொடரும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாட்சியாக வர வேண்டும் என்றதும் ஃபேக்டரி மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. கம்பெனி பெயர் எதற்குக் கோர்ட்டில் அடிபட வேண்டும் என்றார். ஸ்ரீகண்டையா அவர் அறைக்குப் போய் என்ன பேசினாரோ தெரியாது. திரும்பி வந்து, "உன் லீவுல நீ போற. எங்க போறேன்னு கம்பெனி கேட்காது" என்றார்.

தருமபுரிக்கு முதல் பஸ்ஸில் போனோம். மன்றம் இருந்த கட்டடத்தின் தாழ்வாரத்தில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். பைனான்ஸ்காரர்கள் பக்கம் ஒரு வக்கீல், ஒரு மேனேஜர், ஃபைல்களைச் சுமந்துகொண்டு ஒல்லியான ஒரு பையன். இஸ்திரி போட்ட சட்டை, காலர் மட்டும் நைந்திருந்தது. என் பக்கத்தில் வந்து, "அக்கா, இங்க குடிக்கத் தண்ணி எங்க கெடைக்கும்?" என்று கேட்டான்.

அதே குரல், அதே கடைசி இழுப்பு. கைகாட்டினேன். அவன் போய்க் குடித்துவிட்டு, மேனேஜருக்கும் ஒரு டம்ளரில் எடுத்துப் போனான். இத்தனை நாளாக அந்தக் குரலுக்கு நான் மனதில் ஒரு முகம் வைத்திருந்தேன். மீசை, தடித்த கழுத்து, அப்படி ஏதோ. இவன் என் தம்பிகளில் ஒருவனைப் போல இருந்தான். கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். அது உடனே வரவில்லை.

உள்ளே தலைவராக ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், பக்கத்தில் இரண்டு உறுப்பினர்கள், அதில் ஒருவர் பெண். வக்கீல் முதலில் எல்லைக் கதையைச் சொன்னார். கம்பெனி கர்நாடகத்தில் இருக்கிறது, இந்த மன்றத்துக்கு அதிகாரமில்லை என்றார். வண்டியை எந்த ஊரில் விற்றீர்கள், போன் எந்த ஊரில் அடித்தது என்று தலைவர் கேட்டார். இரண்டும் ஓசூர். சரி, மேலே பேசுங்கள் என்றார். அடுத்து வக்கீல், தங்கள் ஆபீசிலிருந்து நினைவூட்டல் தவிர வேறு எந்தப் போனும் போகவில்லை, யாரோ ஆகாதவர் செய்திருக்கலாம் என்றார்.

என்னைக் கூப்பிட்டார்கள். பெண் உறுப்பினர், அவசரமில்லை, நடந்தபடியே சொல்லுங்கள் என்றார். விசாரணை அறையில் சொன்னதையே சொன்னேன். யசோதாவைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரியாது, அவளே சொல்வாள் என்றேன். அவள் சொன்னாள். எந்த வார்த்தையையும் விடவில்லை. மேனேஜர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தலைவர் என்னிடம், "அந்தக் குரலை மறுபடியும் கேட்டால் அடையாளம் தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார். காலையில கேட்டேன். என்கிட்ட தண்ணி எங்க கிடைக்கும்னு கேட்டாரு."

அறையில் எல்லாரும் பின்னால் திரும்பினார்கள். வக்கீல் எழுந்து, இது எப்படிச் சாட்சியமாகும், போனில் எல்லாக் குரலும் ஒன்று போலத்தான் இருக்கும் என்று ஆட்சேபித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அடித்துச் சொல்ல என்னிடம் வேறு எந்த ஆதாரமும் இல்லை. தலைவர் யோசித்தார். அந்தப் பையனைப் பார்த்து, "உங்க பேர் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

அவன் ஃபைல்களைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். பேரைச் சொன்னான். உட்காரவில்லை. யசோதா பக்கம் பார்த்தான்.

"நான்தான் சார் பண்ணேன். ஆஸ்பத்திரி, கொழந்தன்னு சொன்னா எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஆளக் கூப்பிட்டுக் குடுப்பாங்கன்னு ஆபீஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. வசூல் வந்தாத்தான் எனக்குச் சம்பளம்." பிறகு, "இந்த அம்மாவுக்கு ஆபரேஷன்னு எனக்குத் தெரியாது" என்றான்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தலைவர் அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். வெளியே வந்த பிறகு முனிராஜ் அவனிடம் ஏதோ பேசப் போனான், பாதி தூரம் போய்த் திரும்பி வந்துவிட்டான்.

அந்தப் பையன் அந்த வேலையில் நீடிக்கவில்லை என்று நினைக்கிறேன். பல மாதங்கள் கழித்து ஒருநாள் போர்டில் அதே குரல் வந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினான். நான் யார் என்பது அவனுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டான். திங்கட்கிழமைகளில் கேட்டில் விண்ணப்பம் வாங்குவார்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்வது போலவே சொன்னேன். "தேங்க்ஸ் மேடம்" என்றான். வந்தானா என்று தெரியாது. நான் விசாரிக்கவில்லை.

ஜெயந்தி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். உத்தரவு தபாலில் வந்தது. கடன் பாக்கி உண்மை, அதை மனுதாரர் தவணையில் கட்ட வேண்டும். ஆனால் வேலை செய்யும் இடத்துக்கும் மூன்றாம் மனிதர் வீட்டுக்கும் போன் செய்வதும், பொய் சொல்லி வரவழைப்பதும், குடும்பத்தாரை இழிவாகப் பேசுவதும் சேவைக் குறைபாடு. உடனே நிறுத்த வேண்டும். அபராத வட்டியைத் தள்ளுபடி செய்து, மன உளைச்சலுக்கு இழப்பீடும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். இழப்பீடு பெரிய தொகை ஒன்றுமில்லை. முனிராஜ் மீதித் தவணைகளைக் கட்டி முடித்தான். அடுத்த வருடம் நிரந்தரமானான். ஜெயந்தி, உன் தொழிலாளிக்கும் இதைச் சொல். கடன் இருக்கிறது என்பதால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. இப்போது உங்களிடம் போர்டு இல்லை. நடுவில் உட்கார்ந்து கேட்கிற ஆளும் இல்லை. கேட்டவர்கள் முன்வந்து சொல்ல வேண்டும், அவனுடைய நண்பர்களோ மாமனாரோ, யாருக்கெல்லாம் அந்தப் போன் போனதோ அவர்கள். அவர்களிடம் பேசியது அவர்களுடையது.

தொழிற்சாலை முகவரிக்குத்தான் உத்தரவு வந்தது. முனிராஜ் ஷிஃப்டில் இருந்தான். டீ நேரத்தில் படித்துவிட்டு, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட முடியுமா என்று கேட்டான். நான் மத்திகிரி எண்ணுக்குப் போட்டேன். அந்தப் பக்கத்து வீட்டு அம்மாதான் எடுத்தார். யசோதாவைக் கூப்பிடுங்கள் என்றேன்.

"அவ போனு பக்கம் வரமாட்டாம்மா. என்கிட்ட சொல்லு, நான் சொல்லிடறேன்" என்றார்.

அவளிடம்தான் சொல்ல வேண்டும், கம்பெனி போர்டிலிருந்து கமலவேணி என்று சொல்லுங்கள் என்றேன். வெகுநேரம் லைன் சும்மா இருந்தது. கோழிச் சத்தம் கேட்டது. யாரோ ரிசீவரை எடுத்தார்கள், ஹலோ சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் உத்தரவில் இருந்ததை நிதானமாக வாசித்தேன்.

"இனிமே இந்த நம்பருக்குப் பண்ணமாட்டாங்களா அக்கா?"

"மாட்டாங்க. பண்ணினா மன்றத்துக்கு எழுதிப் போடலாம். அதுவும் இதுல இருக்கு."

அவள் ரிசீவரை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பக்கத்தில் நின்ற அந்த அம்மாவிடம் பேசினாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இனிமே எனக்குப் போன் வந்தா என்னக் கூப்புடுங்க அத்தே. யாரா இருந்தாலும் சரி, நானே பேசறேன்."